சிலாபத்து மீன்பெட்டிக்காரர்

சிலாபம் என்றதும் நம்மவர் மனத்தில் முதலில் எழுவது முன்னேஸ்வரமாகும். போர்த்துக்கேயரால் இடிக்கப்பெற்று, 1753ஆம் ஆண்டிற் கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கனால் மீண்டும் எழுப்பப்பெற்ற திருத்தலம் அது. அடுப்பங்கரைப் பக்கம் கேட்டால், சிலாபத்து இறாலும் நண்டும் என்பார்கள். மாணவர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. சலாபம் என்னும் சொல்லுக்கு முத்துக்குளிப்பு என்று பொருள். அச்சொல்லிலிருந்தே ஊர்ப்பெயர் பிறந்தது என்று கூறுவோர் உளர். முத்தெடுத்த காலம் போய் வெகுநாளாயிற்று. சென்ற மாதம் நான் அவ்வூருக்குப் போனது கோயிலை நாடியுமன்று, முத்தை நாடியுமன்று. மோட்டார் சைக்கிளின் பின்னே ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரூராக மீன் விற்கும் மனிதரைப் பார்ப்பதற்காகவே போனேன்.

இப்படியொரு ஆசை எழுந்தமைக்குக் காரணம் உண்டு. கொழும்பில் நான் குடியிருக்கும் ஒழுங்கையிற் காலைமுதல் நள்ளிரவுவரை உணவுப் பொதி சுமந்த இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் விரைந்துகொண்டிருக்கின்றனர். கைத்தொலைபேசி மூலம் வாகனம் அழைக்கும் முறை 2015ஆம் ஆண்டில் இலங்கையிற் புகுந்தபின், அதனைத் தொடர்ந்து வளர்ந்த பிழைப்பு அது. “மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது இக்காலத்துப் புதுமை” என்று நண்பரொருவர் என்னிடம் வியந்தார். அந்த நண்பர் ஒருநாளாவது தென்னந்தோட்டக் கிராமமொன்றிற் காலைப்பொழுதைக் கழித்திருந்தால் அவ்வாறு சொல்லியிருக்கமாட்டார்.

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் பெருந்தெருவில் ஏறக்குறைய 80 கிலோ மீற்றர் தூரத்திற் சிலாபம் உளது. மீன்காரருடைய நேரத்துக்கு அங்கே நிற்கவேண்டுமாயின் முதல்நாளே போய்த் தங்கவேண்டும். இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் எனக்கு இடந்தந்தார். அதிகாலை மூன்றரை மணிக்கு அவரே எழுப்பியும் விட்டார். தேநீர் அருந்திவிட்டு, அவருடைய மருமகனின் மோட்டார் சைக்கிளில் ஏறி அமர்ந்தேன். களப்பின் பக்கமிருந்து வீசிய காற்றிற் சேறும் உப்பும் மீனும் கலந்த வாடை இருந்தது. வடக்கே சற்றுத் தூரத்திலேயே தெதுறு ஓயா கடலோடு கலக்கிறது. ஆறும் களப்பும் கடலும் இவ்வளவு நெருங்கி நிற்கும் ஊரில் மீனுக்குக் குறைவிருக்க நியாயமில்லை. கடற்றொழில் திணைக்களம் தன் நிருவாகத்துக்காக வகுத்துள்ள மாவட்டங்களிற் சிலாபமும் ஒன்று. புத்தளம் வேறு, சிலாபம் வேறு என்பதே அவர்கள் கணக்கு.

கரையை அண்மியதும் என் கண்ணிற் பட்டவை படகுகளல்ல. மங்கிய விளக்கொளியில் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்த மோட்டார் சைக்கிள்கள்தாம். எல்லாம் பழைய வண்டிகள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் தளர்ந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் இருந்ததைத் திருத்தித் திருத்தியே ஓட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் பின்னாசனத்திலும் இரும்புச் சட்டம் பொருத்தி, அதன்மேல் ஒரு பெட்டி. முன்னர்ப் பலகையாற் செய்தார்களாம். இப்போது உட்புறத்தில் ரெஜிபோம் வைத்த பெட்டிகளே மிகுதி. மூடியின்மேல் மீன் வெட்டும் பலகை. பக்கத்திற் கத்தி செருகும் உறை. முன்னே தொங்கும் பையில் தராசு. பெட்டியின் அடியில் ஒரு துவாரமும் அதிலிருந்து தரைநோக்கி இறங்கும் இறப்பர்க் குழாயும் இருந்தன. இக்குழாய் எதற்கென்று வினவினேன். ஐஸ் உருகி வரும் உப்புநீர் சக்கரத்திலும் சங்கிலியிலும் விழுந்தால் ஓராண்டுக்குள் வண்டி துருப்பிடித்துப் போய்விடுமாம்.

நான் அன்று பின்தொடர்ந்தவர் ஐம்பது வயதைக் கடந்தவர். இத்தொழிலில் இருபத்தெட்டு ஆண்டு கழித்தவர். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வீட்டிலே தமிழும், சந்தையிலே சிங்களமும் பேசுகிறார். அக்கரையிற் சிங்களம் பேசும் மீனவர் வாயிலும் சம்மாட்டி, மண்டாடி, வாடி என்ற சொற்கள் சர்வசாதாரணமாக வருவதைக் கேட்டேன். மொழி மாறியபோதும் தொழிற்சொல் மாறவில்லை.

ஏலம் மளமளவென்று நடந்தது. கூறுபவர் விலையைச் சொல்லிக்கொண்டே போகிறார். வாங்குபவர் தலையசைப்பதும் விரல் காட்டுவதும் பழக்கமில்லாத கண்ணுக்குத் தெரிவதில்லை. அறக்குளாவும் பெரிய சூரையும் கொழும்பு லொறிகளுக்குப் போகின்றன. நம் பெட்டிக்காரர் கண் வைத்திருந்தது சாளை, கும்பளா, நெத்தலி, சிறு பாரை ஆகியவற்றின்மேல். ஒரு கூறு முழுவதையும் எடுக்க அவரிடம் பணமில்லை. ஆகவே மூவர் சேர்ந்து எடுத்துப் பங்கிட்டுக்கொண்டனர். பாதிக்குக் காசு; மீதிப் பாதி முதலாளியின் கணக்குப் புத்தகத்தில். அதனை மாலைக்குள் அடைத்துவிட வேண்டும். அடைக்காவிட்டால் மறுநாட் காலை ஏலத்தில் அவர் தலையசைத்தாலும் எவரும் காணமாட்டார்கள்.

அடுத்து நடந்ததே எனக்கு மிகுந்த வியப்பைத் தந்தது. ஐஸ் நொறுக்கிப் போடுவதில் இவ்வளவு நுட்பம் உண்டென்று நான் எண்ணியதில்லை. அடியிலே ஒரு படை ஐஸ், அதன்மேல் ஒரு படை மீன், மறுபடியும் ஐஸ். கனத்த மீன் கீழே, மெல்லிய நெத்தலி மேலே. வெப்ப நாடுகளில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும் என்பது மீன்துறை அறிஞர் வகுத்த விதி. உருகும் ஐஸுக்குள் நாட்கணக்கிற் கெடாதிருக்கும் மீன், நம்மூர் வெயிலில் மணிக்கணக்கிலேயே கெட்டுவிடும். அதிலும் சூரை, கும்பளா போன்ற இனங்கள் சூடேறினால் ஹிஸ்டமின் என்னும் பொருள் அவற்றில் உண்டாகிறது. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. முகத்திற் செம்மையும் தடிப்பும் தலையிடியும் கண்டு, “மீன் ஒத்துவரவில்லை” என்று நம் வீடுகளிற் சொல்வது பெரும்பாலும் இதனையே. விதி இப்படியிருக்க, ஐஸுக்குக் காசு. ஐஸின் பாரத்துக்குப் பெற்றோல். பெட்டியில் ஐஸ் கூடக்கூட மீன் குறைகிறது. நம்மவர் இடும் அளவு விதிக்குச் சற்றுக் குறைவாகவே எனக்குத் தோன்றிற்று. கேட்டேன். “நான் பதினொரு மணிக்குள் முடித்துவிடுவேன், மாஸ்டர்” என்றார். நான் ஆசிரியனல்லன், ஆசிரியர் வீட்டிலிருந்து வந்ததனால் அப்பட்டம் கிடைத்தது.

அவருடைய பாட்டனார் காவுதடியின் இருபுறமும் கூடை தொங்கவிட்டு நடந்தே விற்றவர். அப்பர் சைக்கிளிற் பலகைப் பெட்டி வைத்து விற்றவர். சைக்கிளிற் போகக்கூடிய தூரம் போவதும் வருவதுமாகப் பத்துப் பன்னிரண்டு கிலோ மீற்றர். அதற்கப்பால் மீனும் தாங்காது, காலும் தாங்காது. மோட்டார் சைக்கிள் வந்ததும் எல்லை விரிந்தது. சிறிய மோட்டார் சைக்கிளுக்கும் தலைச்சுமைப் பிழைப்புக்கும் உள்ள உறவு பழையது. 1958இல் யப்பானில் ஹொண்டா நிறுவனம் சூப்பர் கப் என்ற வண்டியை ஆக்கியபோது, ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையாற் செலுத்தும் கடைப்பையன் மனத்திலிருந்தான். அதனாலேயே அவ்வண்டிக்குக் கைக் கிளச்சு வைக்கவில்லை. 2017ஆம் ஆண்டில் அவ்வினத்தின் பத்துக்கோடியாவது வண்டி வெளிவந்தது. தமிழ்நாட்டில் 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50, மீன்கூடையும் பால்கேனும் துணிமூட்டையும் சுமந்து ஊர்தோறும் ஓடியதைக் கண்டவர் நம் வாசகரிற் பலர் இருப்பர். இலங்கையில் இன்று பதிவாகியுள்ள வாகனங்களிற் பாதிக்குமேல் மோட்டார் சைக்கிள்களே. அவற்றுள் எத்தனை உலாவுவதற்கு, எத்தனை உலைவைப்பதற்கு என்று யாராவது கணக்கெடுத்தால் நன்று.

ஐந்தே காலுக்குப் புறப்பட்டோம். பின்னாசனத்திற் பெட்டி இருந்தமையால் அவருடைய வண்டியில் எனக்கு இடமில்லை. ஆசிரியரின் மருமகன் என்னை ஏற்றிக்கொண்டு பின்தொடர்ந்தார். முன்னேஸ்வரத்தைக் கடக்கையிற் கோபுரத்தை நோக்கி அவர் ஒரு கையை உயர்த்தினார். அதன்பின் பாதை கிழக்கே திரும்பித் தென்னந்தோட்டங்களுக்குள் நுழைந்தது. சிலாபம், குருநாகல், கொழும்பு ஆகிய மூன்றையும் இணைத்துத் தென்னை முக்கோணம் என்று சொல்வார்களல்லவா? அதன் உட்புறம் அது. இருபுறமும் தென்னை; இடையிடையே வயல்; பிங்கிரிய நோக்கிப் போகப்போகக் கடற்காற்று நின்று புழுக்கம் தொடங்கியது.

பின்னாற் சென்றதனால் ஓர் உண்மை கண்கூடாயிற்று. பாரம் முழுவதும் பின்சக்கரத்தின்மேல் அமுங்குவதால் முன்சக்கரம் இலேசாகிவிடுகிறது. குழியில் விழுந்தால் கைபிடி ஆடுகிறது. திடீரென நிறுத்தினால் பெட்டி முன்னே தள்ளுகிறது. பாரம் மிகுந்திருக்கும் காலையில் மெல்லப் போகவேண்டும். ஆனால் விரைய வேண்டியதும் அக்காலையிலேயே. வெறும்பெட்டியோடு திரும்பும் நண்பகலில் விரைந்தாலும் ஆபத்துக் குறைவு. அப்போது விரைவதற்குத் தேவையில்லை. அவருடைய இடக்காலில் நீண்ட தழும்பொன்று உண்டு. மழைநாளொன்றிற் சறுக்கிய கதை. “கால் ஒருபக்கம், மீன் ஒருபக்கம். சனங்கள் ஓடிவந்து முதலில் என்னைத் தூக்கினார்கள், அதுவே பெரிய காரியம்” என்று சொல்லி நகைத்தார்.

முதற் கிராமத்தில் ஊதுகுழல் முழங்கிற்று. “மாளு, மாளு!” என்ற குரல் அதற்குத் துணை. படலைகள் திறந்தன. அவர் சிங்களப் பெண்களை அக்கே என்றழைக்க, அவர்கள் மல்லி என்று பதிலழைத்தனர். மல்லி என்றால் தம்பி. சில அக்காமார் அவருடைய மகள் வயதினர். பூனைகளுக்கும் நாய்களுக்கும் ஊதுகுழலோசை நன்கு தெரியும். பெண்களுக்கு முன்னே அவை வந்து நின்றன. செதிலுரித்துக் குடலெடுத்துத் துண்டமாக்கிக் கொடுக்கும்வரை பேச்சு நிற்பதில்லை. யார் வீட்டிற் காய்ச்சல், எங்கே கலியாணம், எந்தப் பிள்ளை சோதனையில் தேறியது என்பனவெல்லாம் அரைக்கிலோ சாளையோடு அளந்து கொடுக்கப்பட்டன. மூன்றாம் வீட்டில் ஒரு கிழவி காசின்றி வந்தார். பெட்டிக்காரர் தம் சட்டைப்பையிலிருந்து சிறு கொப்பியை எடுத்துக் குறித்துக்கொண்டார். அக்கொப்பியில் எத்தனை பேர் என்று கேட்டேன். எண்ணிப் பார்ப்பதில்லை என்றார். முதலாளிக்கு மாலைக்குள் அடைக்க வேண்டியவர், கிழவிக்கு ஓய்வூதிய நாள்வரை தவணை கொடுக்கிறார். இரண்டு கணக்குக்கும் நடுவே நிற்பது இவருடைய வீட்டு உலை.

அவர் அறிந்திருக்க வேண்டியவை மீனும் பாதையும் மட்டுமல்ல. பௌர்ணமி நாளிற் பௌத்த வீடுகளில் மீன் வாங்குவோர் குறைவு. வெள்ளிக்கிழமையிலும் முன்னேஸ்வரத்துத் திருவிழாக் காலத்திலும் சைவ வீட்டுப் படலை திறவாது. ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்க மீனவர் கடலுக்குப் போவதில்லை. ஆகவே பெட்டியில் வைக்க மீனே இராது. நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் வியாபாரம் காலையிலிருந்து பிற்பகலுக்கு மாறிவிடும். நான்கு சமயத்தாரின் பஞ்சாங்கமும் மனப்பாடமாக வைத்திருக்கும் மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. இவற்றுக்குமேல் தென்மேற்குப் பருவக்காற்று. வைகாசி முதல் புரட்டாதிவரை மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களிற் சிறு படகுகள் பலநாள் கரையிலேயே கிடக்கும்.

கடலிலிருந்து தூரம் கூடக்கூட மீனின் விலை கூடுகிறது. அவ்வளவுக்கு மீனின் ஆயுளும் குறைகிறது. ஐந்தாவது கிலோ மீற்றரில் விற்றால் நட்டமில்லை, ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அங்கே சைக்கிள்காரரும் விற்கிறார். முப்பதாவது கிலோ மீற்றரில் நல்ல விலை. ஆனால் பத்து மணி தாண்டியிருக்கும், செவுளின் சிவப்பு மங்கத் தொடங்கியிருக்கும், பேரம் பேசும் அக்காவின் குரலும் உயர்ந்திருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே தம் எல்லையை எங்கே வைப்பது என்பதை ஒவ்வொரு காலையும், அன்றைய மீனையும் ஐஸையும் வெயிலையும் பார்த்து, அவர் புதிதாகத் தீர்மானிக்கிறார்.

இந்தக் கணக்கிற் பெற்றோல் தப்பினால் எல்லாமே தப்பிவிடும். 2022ஆம் ஆண்டை நம்மில் எவரும் மறந்திருக்கமாட்டோம். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவாயிற்று. விலையாவது கொடுக்கலாம், பொருளைக் காணவில்லை. பின்னர் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்று வகுத்தார்கள். உத்தியோகத்தருக்கு அது நெருக்கடி, ஆனால் சமாளிக்கலாம். நம் பெட்டிக்காரருக்கு? பாரத்தோடு லீற்றருக்கு 50 கிலோ மீற்றர் ஓடும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நான்கு லீற்றருக்கு 200 கிலோ மீற்றர். அவருடைய நாட்பயணம் போக வர 60. ஆறு நாளுக்கு 360 வேண்டும். ஆகவே மூன்று நாள் தொழில், மூன்று நாள் வீடு. அந்த மூன்று நாளிலும் மீன் கிடைத்ததோ எனில் அதுவும் அரிது. படகுகளுக்கு மண்ணெண்ணெய் இல்லை. ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறிற்று. கடலிலும் எரிபொருள், தெருவிலும் எரிபொருள். இரண்டுக்கும் இடையில் ஒரு சாளை மீன்.

எரிபொருள் விலை சிலாபத்துக்கு வெறும் இலக்கமன்று. 2012 பெப்ரவரியில் விலையேற்றத்தை எதிர்த்து மீனவர் இங்கே வீதியில் இறங்கியபோது துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் உயிரிழந்தார். அதைப்பற்றிக் கேட்டபோது பெட்டிக்காரர் நெடுநேரம் பேசவில்லை. பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

எரிபொருள் இருந்தும் விற்கமுடியாத காலமும் வந்ததுண்டு. 2019 மே மாதம் சிலாபத்திலே தொடங்கிய கலவரத்தால் ஊரடங்கு. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையிற் கொரோனா தொற்றுப் பரவியது தெரியவந்ததும், மீனைத் தொட்டாலே நோய் வரும் என்று நாடெங்கும் அஞ்சினார்கள். முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர் பத்திரிகையாளர் முன்னிலையிற் பச்சை மீனைக் கடித்துத் தின்று காட்டவேண்டிய அளவுக்கு அச்சம் பரவியது. மறு ஆண்டு கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்க, மீனின் வயிற்றிலே பிளாஸ்டிக் மணி இருக்கும் என்று படலைகள் மறுபடியும் மூடின. அமைச்சர் கடித்த மீனாற் பயன் உண்டானதா என்று வினவினேன். “அவர் கடித்தார், ஐயா. எங்கள் அக்காமார் வாங்கவில்லை” என்றார். ஒரு வாரத்துக்குப் பின் அவர் தம் வீட்டுக்கு எடுத்த மீனை ஒரு வாடிக்கைப் பெண்ணின் முற்றத்திலேயே சமைக்கச்செய்து, அங்கேயே உண்டு காட்டினாராம். அதன்பின் அவ்வொழுங்கையில் வியாபாரம் மெல்லத் திரும்பிற்று.

பத்தே முக்காலுக்குப் பெட்டியில் நான்கு கிலோவளவிற் கும்பளா மிஞ்சியிருந்தது. ஒரு தேநீர்க்கடைக்காரர் பாதியை முதலுக்கும் குறைந்த விலைக்கு எடுத்தார். மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவருடைய மனைவியார் ஒரு சொல்லும் சொல்லாமல் அதனைக் கழுவிப் பிளந்து, உப்பும் கொறுக்காயும் சேர்த்து மண்பாத்திரத்தில் அடுக்கினார். ஜாடி என்பது இதுதான். விலைபோகாத மீன் சில வாரங்களில் வேறொரு விலையோடு வெளிவரும். எல்லாம் அப்படி வெளிவருவதில்லை; மழை பிடித்துக்கொண்டால் கருவாடும் புழுத்துப்போகும்.

மூத்த மகனும் மோட்டார் சைக்கிள்தான் ஓட்டுகிறான். கொழும்பில் உணவுப் பொதி கொண்டுசெல்கிறான். பெட்டி அங்கேயும் பின்னாலேயே இருக்கிறது. “அவன் பெட்டியில் இருப்பது கெட்டால் கடைக்காரருக்கு நட்டம். என் பெட்டியில் இருப்பது கெட்டால் எனக்கு நட்டம்” என்று தகப்பனார் வித்தியாசத்தை விளக்கினார். மகனுக்கு யாரும் கடன் கொப்பி வைப்பதில்லை. அவன் யாருக்கும் வைப்பதுமில்லை. அவனைப் படலையில் தம்பி என்று அழைப்பாரும் இல்லையாம். எது மேல் என்று அவர் சொல்லவில்லை. மனைவியாரோ மகன் வாரந்தோறும் அனுப்பும் பணத்தைப்பற்றி மட்டும் சொன்னார்.

நான் விடைபெறும்போது அவர் கிணற்றடியிற் பெட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பௌர்ணமி. பிங்கிரியப் பக்கம் போய்ப் பயனில்லை. வடக்கே உடப்புக்குப் போகலாமே, அங்கே தமிழர்தாமே என்றேன், ஊர் தெரிந்தவன்போல. அவர் தேய்ப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார். “உடப்பில் எல்லாரும் மீன்பிடிகாரர், மாஸ்டர். அங்கே நான் யாருக்கு மீன் விற்க?” என்று சொல்லிவிட்டு, கொட்டாரமுல்லைப் பக்கம் முஸ்லிம் வீடுகள் இருப்பதாகவும், பாதிப் பெட்டி எடுத்தாற் போதும் என்றும், ஐஸையும் அதற்கேற்பக் குறைக்கலாம் என்றும் தமக்குள்ளேயே கணக்குப் பார்க்கத் தொடங்கினார்.